பதினேழு கிரெயின்

ரான்ஃபர்லியில் கடை திறக்க இன்னும் கால் மணி.
வண்டிக்குள் இருந்தபடி
கொடிக்கம்பத்தைக் கயிறு அடிக்கும் ஓசையை எண்ணுகிறேன்.
நிமிடத்துக்கு நாற்பது.
இன்றைக்குச் சுட முடியாது.
வாங்கத் தடையில்லை.

ரொவீனா கண்ணாடிமேல் மூன்று பெட்டிகளை வைக்கிறாள்,
செவுளைத் தூக்கிக் காட்டும் மீன்காரி போல
ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து.

முதலாவது எனக்குப் பழக்கம்.
நாற்பது கிரெயின் ஈயம், மூக்கில் குழி,
ஒலியைவிட மெதுவாகப் போகும்.
பதினோரு வருடம் இதையே சுட்டேன்.
ஒரு முயல் சாயும்.
பக்கத்து முயல் காதைத் திருப்பும்,
பிறகு மறுபடி மேயத் தொடங்கும்.
அத்தனை சத்தமில்லாத சாவு
நல்லதா கெட்டதா என்று நான் யோசித்ததில்லை.
வசதியாக இருந்தது.

போன மாதம் வரை.

பக்கத்துப் பண்ணையில்
ரோமம் கத்தரிக்க வருகிறவர்கள் தங்கும் பழைய வீட்டை
வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.
நைரி, டனீடனிலிருந்து வந்த நர்ஸ்.
நான்கு வயதில் ஒரு பையன்.
ஒரு ஞாயிறு மாலை கதவைத் தட்டினாள்.
உள்ளே வரவில்லை.
உள்ளங்கையை விரித்தாள்:
நசுங்கிய ஈயம்,
மென்று துப்பிய சுவிங்கம் போல.
"தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கிடந்தது.
உங்களுடையதா?"

அறுநூறு மீட்டர்.
எங்கள் மலை முழுக்கத் தகட்டுப் பாறை.
மெதுவான குண்டு அதில் பட்டால் உடையாது,
சீட்டியடித்துக்கொண்டு வேறு திசையில் புறப்படும்.
அந்தச் சீட்டியை
எத்தனையோ மாலைகளில் கேட்டிருக்கிறேன்.
ரசித்தும் இருக்கிறேன், ஏதோ பறவை என்பதுபோல.

"என்னுடையதுதான்" என்றேன்.
அவள் அதை என் கையில் தரவில்லை.
வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டாவது பெட்டியைத் தள்ளிவிட்டேன்.
ஐம்பத்தைந்து கிரெயின்.
கொசு அடிக்க இடியைக் கூப்பிடுவதுபோல.
இது ஆடுகள் ஈனும் பருவம்.
ஒரு வெடிக்கு இருநூறு தாய்கள் வேலிக்கு ஓடும்,
எந்தக் குட்டி யாருடையது என்று சேர்த்துவைக்க
ராத்திரி போதாது.

மூன்றாவது.
பதினேழு கிரெயின்.
தங்கம் நிறுக்கும் குன்றிமணியில் ஒன்பது இருக்குமா?
மூக்கும் அதே சிவப்பு, பிளாஸ்டிக்.
"தொட்டதும் பொடியாகும்" என்றாள் ரொவீனா.
"பாறையோ முயலோ, அதற்குப் பேதம் தெரியாது.
உன் நாய்களுக்குக் கறி மிஞ்சாது.
பெருங்காற்றில் நூறு மீட்டருக்கு ஒரு சாண் விலகும்."

ஒரு சாண்.
முயலின் நெற்றிக்கும் தொடைக்கும் நடுவே
அவ்வளவுதான் தூரம்:
இங்கேயே சாவதற்கும்
வளைக்குள் உடம்பை இழுத்துப் போய்
மூன்று நாள் சாவதற்கும்.

"பொடியாகும் என்றால், முழுக்கவா?"

"பெரும்பாலும்."

அந்தச் சொல்லுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தேன்.

இப்போது மாலைகளில்
நைரி வீட்டுக்கு முதுகைக் காட்டி
மலையடி மண்மேட்டைப் பார்த்துப் படுக்கிறேன்.
சுடுமுன் திரும்பி
அவள் துணி காயும் கொடியைப் பார்க்கிறேன்.
பையனின் பைஜாமா வயிறு உப்பி ஆடினால்
தோட்டாவை வெளியே எடுத்துவிடுகிறேன்.
முயல்கள் மேய்கின்றன.
பத்து சேர்ந்தால் ஓர் ஆட்டின் புல் என்பார்கள் இங்கே.
கணக்கு எனக்குத் தெரியும்.
படுத்தபடியே கூட்டுகிறேன்.
அவள் துணி காய்கிறது.

நேற்று ஏழு மணிக்கு
பைஜாமாவின் இரு கால்களும் நேராகத் தொங்கின.
நான்கு முறை சுட்டேன். மூன்று முயல்.
சத்தத்துக்கு அந்த வீட்டில் ஒரு விளக்கு எரிந்தது,
ஜன்னலில் ஒரு சின்னத் தலை.
கையசைத்தேன்.
தலை அப்படியே இருந்தது.

நான்காவது, மேட்டுக்குப் பக்கத்துப் பாறையில் பட்டிருந்தது.
ஒரு சாம்பல் பொட்டு,
நகத்தால் சுரண்டினால் போய்விடும் அளவு.
மண்டியிட்டு
சுற்றியிருந்த புல்லை விரல்களால் கோதிப் பார்த்தேன்,
கண் தெரிகிற வரை,
பிறகு தெரியாமலும் கொஞ்ச நேரம்.